ரீவா அக்வாராமா: வார்னிஷ் பளபளப்பு வரமாட்டேங்குது

மரத்தூள்:
ரீவா அக்வாராமா மரப்படகோட சின்ன மாதிரி செய்யறேன், அமாட்டி கம்பெனியோட 1:10 கிட். ஏழு மாசமா உட்கார்ந்து மஹோகனிப் பட்டை ஒவ்வொண்ணா ஒட்டினேன். நேத்து முதல் கோட் வார்னிஷ் அடிச்சதும் மரத்துளை எல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி தெரியுது. ராத்திரி தூக்கமே வரலை. இத்தாலியில சார்னிக்கோ பட்டறையில கார்லோ ரீவா 1962-ல இறக்கின படகு கண்ணாடி மாதிரி மின்னும். அந்த மினுமினுப்பு எனக்கு வேணும். என்ன செய்யலாம்?

ஏரிக்கரை:
மரத்துளையை அடைக்கிற ஃபில்லர் பூசாம அடிச்சிருக்கீங்க நண்பரே, அதான். மரம் தெரியறவரை தேய்ச்சு எடுத்துடுங்க. மேல் பட்டை மெல்லிசு, கை அழுத்தக் கூடாது. மஹோகனி நிற ஃபில்லரை இழைக்குக் குறுக்கே தேய்ச்சு, ஒருநாள் காயவிடுங்க. அப்புறம் மெல்லிசா பல கோட். நடுநடுவே 400 நம்பர் உப்புத்தாள். முடிவுல 2000 நம்பர் உப்புத்தாளை நனைச்சுத் தேய்ச்சு, பாலிஷ். மழைநாள்ல அடிக்கவே அடிக்காதீங்க.

பழையபடகு:
குரோம் பாகங்களைக் கடைசியா மாட்டுங்க. மேல்தளத்து வெளிர் கோடுகள்தான் அதோட அழகே, அதுல கறை இறங்காம டேப் ஒட்டிக்குங்க.

மரத்தூள்:
டேப் யோசிக்கவே இல்லை, நன்றி. இன்னிக்கே தேய்க்க ஆரம்பிக்கிறேன்.