கடலுக்குக் கிட்ட வைக்கிற பெயர்ப்பலகைக்கு எந்த மரம்? தேக்கா, முதிரையா, வேம்பா?

கரையோரம்:
வணக்கம். பருத்தித்துறைப் பக்கத்தில ஒரு சனசமூக நிலையத்துக்குக் கையால எழுதுகிற பெயர்ப்பலகை செய்ய வேணும். 6 அடி நீளம், 2 அடி அகலம். கடல் 300 யார் தூரம்கூட இல்லை. முகப்பு மேற்குப் பார்த்தது, மேல கூரை ஒண்டும் இல்லை. முந்தினது 12 மில்லிமீற்றர் பிளைவூட். இரண்டு மாரியோட கீழ் விளிம்பு ஊதிப் படை படையாப் பிரிஞ்சு, எழுத்துகளுக்குக் கீழ பெயின்ற் கொப்பளிச்சுப் போச்சு. ஆணித் தலைகளில இருந்து துரு கோடு கோடா வழிஞ்சிருக்கு. மரக்காலையில தேக்கு, முதிரை, பலா, மகோகனி, வேம்பு எல்லாம் இருக்காம். எது நிண்டு பிடிக்கும்?

உளி:
தேக்கு எடுங்கோ. ஆனால் பேரைப் பார்த்து வாங்காதேங்கோ, பலகையின்ர தலைப்பை, அதாவது குறுக்கா அறுத்த முனையைப் பாருங்கோ. வெளிப்பக்கம் வெளிறிக் கிடக்கிற வெள்ளைக்கு எந்த மரத்திலயும் ஆயுள் இல்லை. தேக்கின்ர வெள்ளையையும் கறையான் தின்னும், உளுக்கும். இளந்தேக்கில இந்த வெள்ளை அதிகம். அதை வெட்டித் தள்ளிப்போட்டு, உள்ள இருக்கிற கடும் நிற வைரத்தை மட்டும் கணக்கெடுத்து விலை பேசுங்கோ.

முதிரை உறுதியில குறைஞ்சதில்லை. பேராதனையில முதிரையால கட்டின பாலம் 1905 வரைக்கும் நிண்டது. உங்கட வேலைக்கு அதில இரண்டு சிக்கல். முதலாவது பாரம். 6 அடிக்கு 2 அடி, ஒரு அங்குலக் கனத்தில எண்டால் சரியா ஒரு கன அடி மரம். தேக்கில அது 18 கிலோ வரும், முதிரையில 27 கிலோ. மற்றது, முதிரையின்ர இழை ஒன்றுக்கொன்று எதிராப் பின்னிக் கிடக்கும். சீவேக்க பிய்யும், பசையும் லேசில பிடியாது. துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் வெடிக்கும்.

பலா நல்ல மரம். துறவிகளின்ர காவித்துணிக்குச் சாயம் எடுக்கிறதே அந்த வைரத்தில இருந்துதான். அதனால வெள்ளைப் பெயின்ற்றுக்கு மேல மஞ்சள் கசியலாம். கடும் நிறத்தில அடிக்கிறதெண்டால் பிரச்சினை இல்லை. மகோகனி குறைவாத்தான் அசையும், பெயின்ற்றும் வடிவாப் பிடிக்கும். ஆனால் விறாந்தைக்கு உள்ள வைக்கிற பலகைக்குத்தான் அதை எடுப்பன். வேம்பு பூச்சியைத் தாங்கும், ஆனால் முறுகும். 2 அடி அகலத்துக்கு வேண்டாம். பனையைச் சிலர் சொல்லுவினம். சலாகைக்கும் கைமரத்துக்கும் அதை மிஞ்ச ஒண்டும் இல்லை, ஆனால் நாருக்கு நடுவில இருக்கிற சோறு மெதுவானது, எழுத்துக்கு ஏற்ற மட்டமான முகம் அதில வராது.

கரையோரம்:
நன்றி அண்ணை. தேக்கு 6 அங்குல அகலப் பலகைகளா இருக்கு, ஆனால் அரிஞ்சு ஒரு மாதம்தானாம். காய்ஞ்சிட்டுதா எண்டு எப்படிப் பார்க்கிறது? நாலையும் ஒட்டினால் பிளவு வராதோ?

உளி:
தலைப்பு எப்பவும் முந்திக் காய்ஞ்சிரும், அதை நம்பாதேங்கோ. தலைப்பில இருந்து ஒரு அடி உள்ளுக்கு வந்து, ஒரு அங்குல அகலத்தில குறுக்கா ஒரு துண்டு வெட்டுங்கோ. உடன நிறுங்கோ. கேக் அவணில 103 பாகை செல்சியஸில வைச்சு, நிறை மேலும் குறையாத வரைக்கும் காய விட்டு, திரும்ப நிறுங்கோ. உதாரணமா, முதல் 118 கிராம், பிறகு 103 கிராம் எண்டால் குறைஞ்ச 15 ஐ 103 ஆல வகுத்து நூறால பெருக்க 14.6 வீதம். 15க்குக் கீழ எண்டால் ஒட்டலாம். 20க்கு மேல எண்டால் நிழலில, 2 அடிக்கு ஒரு சலாகை குறுக்க வைச்சு அடுக்கி, மேல பாரம் ஏற்றி இன்னும் சில மாதம் விடுங்கோ. வெயிலில அவசரப்படுத்தினால் தலைப்பில இருந்து வெடிக்கும்.

பிளவு வாறது மரம் அகலப்பாட்டில ஊதிச் சுருங்கிறதால. தலைப்பில தெரியிற வளையக் கோடுகள் முகத்துக்கு நேர் குத்தா நிண்டால், ஈரம் 4 வீதம் மாறேக்க 2 அடிக்கு 2 மில்லிமீற்றர் அளவில அசையும். கோடுகள் படுத்துக் கிடந்தால் அது 4, 5 ஆகும். குத்துக்கோடு பலகைகளைப் பொறுக்கி எடுங்கோ. பசைக்கு எபொக்சி. வெள்ளைப் பசை மாரியில விட்டுரும்.

பின்னால 2 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனத்தில மூன்று குத்துச் சட்டம் போடுங்கோ. ஒண்டு நடுவில, மற்ற இரண்டும் ரெண்டு முனையிலயும் 9 அங்குலம் உள்ளுக்கு. சட்டத்தைப் பலகையோட ஒட்டவே கூடாது. நடு ஸ்க்ரூவை இறுக்கிப்போட்டு, மேலயும் கீழயும் உள்ள ஸ்க்ரூக்களுக்குச் சட்டத்தில 10 மில்லிமீற்றர் நீளத்துளை விடுங்கோ, மரம் அசைய இடம் கிடைக்கும். ஸ்க்ரூ 316 தரத் துருவேறாத உருக்கு. கடலுக்குக் கிட்ட 304 தரத்தில துருக்கறை பிடிக்கும், சாதாரண நாகப்பூச்சு கனநாள் தாங்காது.

தூரிகை:
மரம் பற்றி உளி அண்ணை சொன்னது சரி. ஆனால் அந்தக் கொப்பளங்களைப் பற்றியும் கேளுங்கோ. தண்ணி முகத்தால வந்திருக்காது. கீழ் விளிம்பாலயும் பின்பக்கத்தாலயும் உறிஞ்சி, மேற்கு வெயிலில சூடாகி, ஆவியாப் பெயின்ற்றைத் தள்ளியிருக்கும். முகத்துக்கு ஐந்து பூச்சு அடிச்சுப் பின்பக்கத்தை வெறுமையா விட்டால் தேக்கும் இப்பிடித்தான் போகும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சால் பலகை வளையவும் செய்யும்.

விளிம்புகளை 3 மில்லிமீற்றர் உருட்டுங்கோ. கூர்முனையில பெயின்ற் மெல்லிசாகும், முதல் வெடிப்பு அங்கதான். கீழ் விளிம்பில, முகத்தில இருந்து அரை அங்குலம் உள்ளுக்கு ஒரு சொட்டுக்காடி, அதாவது நீளத்துக்குச் சின்னப் பள்ளக்கோடு வெட்டுங்கோ, தண்ணி பின்னுக்கு ஓடாது. தேக்கில எண்ணெய் இருக்கு, 120 சான்ட்பேப்பர் போட்டுத் தின்னரால துடைச்சு அண்டைக்கே பிறைமர் அடிக்க வேணும். அலுமினியம் கலந்த மரப் பிறைமர் நல்லது. தலைப்புகளுக்கு மூன்று பூச்சு, ஏனெண்டால் அங்க மரம் குழாய்க் கட்டு மாதிரித் தண்ணி இழுக்கும். பிறகு முன்னும் பின்னும் ஒரு அண்டர்கோட், இரண்டு எனாமல். ஒவ்வொன்றுக்கும் இடையில ஒரு நாள், 320 சான்ட்பேப்பர். வேலை நடக்கேக்க பலகை வெளியில நிண்டிருந்தால் அடுத்த பூச்சுக்கு முதல் நல்ல தண்ணியால கழுவிக் காய விடுங்கோ. உப்புக் காற்று விட்டுட்டுப் போற உப்புக்கு மேல அடிச்ச பூச்சு உரியும்.

மேற்கு முகப்பெண்டால் பின்னணி வெள்ளை அல்லது வெளிர் நிறம். கறுப்பு நல்லாச் சூடேறும், பலகை ஒட்டின இடமெல்லாம் அசையத் தொடங்கும். சிவப்பு எழுத்து வேணுமெண்டால் காவிச் சிவப்பு பாவியுங்கோ, பளிச்சிடுகிற சிவப்பு கெதியில வெளிறும். மேல வார்னிஷ் அடிக்காதேங்கோ, பெயின்ற்றுக்கு முன்னம் அதுதான் உரியும்.

கரையோரம்:
தண்ணி தாங்கிற பசையால ஒட்டின மரைன் பிளைவூட் எண்டால் இவ்வளவு வேலை தேவையில்லைத்தானே?

தூரிகை:
உண்மையான மரைன் பிளைவூட் எழுத்துக்கு அருமையான முகம் தரும், அசைவும் இல்லை. ஆனால் விளிம்பு அப்பவும் விளிம்புதான். நாலு பக்கமும் எபொக்சி ஊற வைச்சு, தேக்குச் சட்டம் அடிக்க வேணும். வாங்க முதல் ஒரு துண்டை ஒரு மணித்தியாலம் கொதிதண்ணியில போட்டுப் பாருங்கோ, படை பிரிஞ்சால் அந்தக் கடையில வாங்காதேங்கோ.

உளி:
எதைச் செய்தாலும் சுவரில ஒட்ட வைக்காதேங்கோ. பின்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில முக்கால் அங்குலம் காற்றோட்டம் விடுங்கோ. ஒக்ரோபர் மழைக்கு முதல் பெயின்ற் வேலை முடிய வேணும், அதால பலகையை இப்பவே அடுக்கி வையுங்கோ.