புதுப்பிப்பு: மாமாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியும் துருவும்

பினாங்கின் பாலிக் பூலாவில் இருக்கும் டுரியான் தோட்டத்துக்காக மாமா லைசென்சோடு வைத்திருக்கும் துப்பாக்கியில் நீல மெருகு தேய்ந்து, விரல்பட்ட இடமெல்லாம் துரு பூக்கிறது, அதற்கு ஹாட் புளூயிங் (கொதிக்கும் கரைசலில் முக்கி இரும்பைக் கருநீலமாக்குவது) நல்லதா, பார்க்கரைசிங் (இரும்பின் மேல் பாஸ்பேட் பூச்சு ஏற்றுவது) நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது இரண்டுமே இல்லை என்று முடிவாகிவிட்டது.

லைசென்ஸ் உள்ள கடையில் காட்டினோம். கடைக்கார அண்ணன் இரு குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையைத் தொட்டுக் காட்டினார். அது ஈயப்பற்று வைத்து ஒட்டியது. ஹாட் புளூயிங்கில் காஸ்டிக் சோடா கரைசல் சுமார் 140 டிகிரியில் கொதிக்கும். அது பற்றை அரித்தால் பட்டையே கழன்றுவிடும். பார்க்கரைசிங்கின் பாஸ்பேட் படிகங்கள் எண்ணெயை நன்றாகப் பிடித்து வைக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளுக்கு அதுதான். ஆனால் அந்தச் சாம்பல் சொரசொரப்பு மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் தேர்ந்தெடுத்தது ரஸ்ட் புளூயிங், அதாவது துருவை வைத்தே கறுப்பாக்கும் முறை. கரைசல் தடவி மெல்லிய செந்துருவை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். குழலைக் கொதிநீரில் போட்டதும் அந்தச் செந்துரு வெல்வெட் போலக் கறுத்துவிடுகிறது. உதிரும் பொடியை மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி கொதிக்கவைத்து... பொறுமையான வேலை, அழகான வேலை.

அப்புறம் ஒன்று: எந்தப் புளூயிங்கும் எண்ணெய் இல்லாமல் பினாங்கு உப்புக்காற்றைத் தாங்காது. தொட்டால் துடைத்து எண்ணெய் பூசுங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.