பிசானப் பயிர் இன்ஃப்ராரெட் போல வெளுக்க மாட்டேன் என்கிறது – உதவி வேண்டும்

கேள்வி (சேரன்மகாதேவி)

வணக்கம். போன வாரம் காலையில் கன்னடியன் கால்வாய்ப் பக்கம் போனில் படம் எடுத்தேன். நட்டு ஒரு மாதமான பிசானப் பருவ நெற்பயிர், வரப்பில் இரண்டு பனை, பின்னால் பொதிகை மலை. இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) படத்தில் வருவது போலப் பயிர் வெள்ளை வெளேரென்றும் வானம் கருத்தும் வர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

லைட்ரூம் மொபைல் ஆப்பில் கருப்பு வெள்ளையாக்கி, பச்சையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, நீலத்தின் வெளிச்சத்தை முழுசாக இறக்கினேன். பயிர் சாம்பலாகவே நிற்கிறது. வானத்தில் கட்டம் கட்டமாகத் திட்டு. பனையோலை நுனியைச் சுற்றி வெள்ளைக் கோடு வேறு. 720 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் ஃபில்டர் வாங்கி லென்ஸ் முன்னால் பிடித்தும் பார்த்தேன். இருட்டும் புள்ளியும்தான் மிச்சம். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் (பாளையங்கோட்டை)

தம்பி, ஃபில்டரை முதலில் எடுத்து வையுங்க. அந்த ஃபில்டர் கண்ணுக்குத் தெரிகிற ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும். போன் சென்சாருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியோ அந்த அகச்சிவப்பைத்தான் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் உள்ளே போக ஒளியே இல்லை. சந்தேகம் இருந்தால் இருட்டில் டிவி ரிமோட்டை அழுத்திக் கேமரா வழியாகப் பாருங்க. பல போன்களில் முன் கேமராவில் மட்டும் லேசாக ஊதா வெளிச்சம் தெரியும்.

இனி பயிர். படத்தைப் பெரிதாக்கி ஒரு நெல் தாளை (இலையை) மட்டும் உற்றுப் பாருங்க. நாம் பச்சை என்று சொல்கிற இளம்பயிரில் மஞ்சள்தான் அதிகம். அதனால் மஞ்சளைப் பச்சையைவிடக் கூடுதலாக ஏற்றணும். உச்சி வெயில் பயிர் மேல் நேராக விழுகிற நேரம் நல்லது. நிழலில் இருக்கிற தாள் எவ்வளவு ஏற்றினாலும் வெளுக்காது.

அசல் இன்ஃப்ராரெட்டில் இலை வெளுப்பது நிறத்தால் அல்ல. பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சாது. இலைக்குள் இருக்கிற காற்றிடைவெளிகள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். 1910-ல் ராபர்ட் வுட் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டதால் இதை ‘வுட் விளைவு’ என்பார்கள். நாம் செய்வது அதன் சாயல்தான்.

பதில் (அம்பாசமுத்திரம்)

திட்டுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் காரணம் போன் வழக்கமாகப் படத்தைச் சேமிக்கிற ஜேபெக் முறை. அது வெளிச்சத்தைவிட நிறத்தை அதிகமாகச் சுருக்கிச் சேமிக்கும். நீங்கள் இழுப்பதோ நிறத்தை. அதனால் ஓலைக்கும் வானத்துக்கும் நடுவே பிசிறு கிளம்புகிறது. ரா கோப்பாக (அப்படிச் சுருக்காத சென்சார் பதிவாக) எடுங்கள், நீலத்தைப் பாதிக்கு மேல் இறக்காதீர்கள். மேகம் கலைந்து மழை வெறித்த மறுநாள் போங்கள். வானம் புகைமூட்டமாக வெளிறிக் கிடந்தால் இறக்குவதற்கு நீலமே இருக்காது.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணாச்சி, இரண்டு பேருக்கும். இன்று பதினோரு மணிக்கு ராவில் எடுத்தேன். மஞ்சள் 80, பச்சை 45, நீலம் இறக்கம் 50. பயிர் பஞ்சு போல வெளுத்துவிட்டது, ஓலை நுனி சுத்தம். ஆனால் பம்புசெட் அறையின் பச்சைக் கதவும் சேர்ந்து வெளுத்துவிட்டது!

பதில் (பாளையங்கோட்டை)

அது அப்படித்தான் தம்பி, ஆப்புக்கு இலையும் பெயிண்டும் ஒன்றுதான். ஸ்நாப்சீட் ஆப்பில் ‘செலக்டிவ்’ புள்ளியைக் கதவு மேல் வைத்து, வட்டத்தைச் சுருக்கி, வெளிச்சத்தை மட்டும் குறையுங்க. முடித்ததும் படத்தை இங்கே போடுங்க, பார்க்கணும்.