தப்பித்த கணக்கு: நம் மலைச்சாலை வளைவுகளில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

டீக்கடைக்காரர், ஆறாம் வளைவு:

எல்லோருக்கும் வணக்கம். தமிழக-கேரள எல்லையில் இருக்கும் கம்பம் மெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களுக்குள் இறங்கும் நம் கிளைச் சாலையில், ஆறாம் வளைவை ஒட்டி டீக்கடை வைத்திருப்பவன் நான். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இந்தச் சாலையின் பாதுகாப்புக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்று கிராமசபையில் பேச்சு வந்து, என்னையும் குழுவில் போட்டுவிட்டார்கள். முதல் கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வி: "எந்த வளைவில் எத்தனை விபத்து?" காகிதத்தில் இருக்கிறபடி ஆறாம் வளைவில் மூன்று வருஷமாக ஒன்றுமே இல்லை. அந்த மூன்று வருஷமும் நான் அங்கேதான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். டயர் தேயும் சத்தம் கேட்டு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எத்தனை முறை ஓடியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தைக் கரும்புள்ளி என்று அறிவிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சுமார் 500 மீட்டருக்குள், 3 வருஷத்தில், சாவோ பலத்த காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் 10 பேர் இறந்திருக்க வேண்டும். நம்முடையது பஞ்சாயத்துச் சாலை, அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. வந்தாலும்தான் என்ன, பத்துப் பேர் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பதா?

அதனால் பால் கணக்கு நோட்டைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு எழுத ஆரம்பித்தேன். விழுந்தவர்களை விட்டுவிட்டு, தப்பித்தவர்களை மட்டும். 40 நாளில் 31 வரி சேர்ந்தது. அதில் 22 வரி காலை ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவில். குழுவோடு சாலையைப் பார்க்க வந்தவர்கள் பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில் வந்தார்கள். "ரோடு நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லி என் கடையில் டீயும் குடித்துவிட்டுப் போனார்கள்.

என் நோட்டில் இருப்பது ஒரு வளைவின் கதைதான். மற்றதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்த வளைவு, எத்தனை மணி, ஏற்றமா இறக்கமா, மழையா மஞ்சா (மூடுபனியைத்தான் சொல்கிறேன்), என்ன ஆனது. யார் மேல் தப்பு என்பது வேண்டாம். அதை ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

ஜீப் ஓட்டுநர், கம்பம்:

அண்ணே, நாலாம் வளைவை எழுதிக்கொள்ளுங்கள். என் ஜீப் அங்கே ஒரே ஒடிப்பில் திரும்பாது. இறங்கும்போது ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் பின்சக்கரம் பள்ளத்து ஓரத்துக்குப் போகும். பின்னால் வேறு வண்டி ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த ரிவர்ஸும் எடுக்க முடியாது.

போன ஐப்பசி, காலை ஆறேகால் இருக்கும். மஞ்சு என்றால் பானெட்டே தெரியாத மஞ்சு. பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், ஏற்றக்கூடாத அளவு என்று நானே சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் எடுத்தபோது சக்கரம் எதிலோ இடித்து நின்றது. கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறிவிடும் என்று கால் போய்விட்டது. கடைசியில் உட்கார்ந்திருந்த அக்கா தகரத்தில் தட்டி "தம்பி, நிறுத்து நிறுத்து" என்று அலறினார். இறங்கிப் பார்த்தேன். பழைய எல்லைக்கல் ஒன்று, முழங்கால் உயரம்கூட இல்லை, அதில்தான் சக்கரம் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் ஒன்றரை அடி மண். அதற்கும் பின்னால் ஒன்றும் இல்லை. அன்றைக்கு எல்லோரும் நடந்தே தோட்டத்துக்குப் போனார்கள். இப்போதும் அந்தக் கல்லைத் தாண்டும்போது கை தானாகக் கும்பிடுகிறது.

அந்த வளைவில் நன்கொடைப் பணத்தில் ஒரு குவிகண்ணாடி வைத்தார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அது வேண்டிய நேரம் ஆறு மணி. அப்போது மஞ்சில் அது வெறும் வெள்ளைத் தட்டு. எட்டு மணிக்கு மேல் பளபளவென்று மின்னும், அதற்குள் நாங்கள் ஆளை இறக்கிவிட்டிருப்போம்.

இன்னொன்று, எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். ட்ரிப் கணக்கில் காசு, அதனால் இரண்டாவது ட்ரிப்புக்கு அவசரம். ஏறின கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததை விட்டுவிட்டு, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். ஏழாம் வளைவுக்கு வரும்போது பிரேக் லைனர் கருகும் வாசனை ஊர் முழுக்க அடிக்கும். சூடேறிப்போன பிரேக்கை எத்தனை மிதித்தாலும் பஞ்சை மிதித்த மாதிரிதான். சாலையில் என்ன வேலை செய்தாலும் இதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

ஏலத்தோட்டத் தொழிலாளி, உத்தமபாளையம் பக்கம்:

நாங்கள் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள். ஆனால் பன்னிரண்டு வருஷமாக அந்த ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து போகிறோம். டிரைவர் தம்பிக்கு முன்னால் இருக்கிறது தெரியும், எங்களுக்குப் பின்னால் இருக்கிறது தெரியும்.

ஜீப்பில் ஏறினதிலிருந்து பேச்சுதான். மாமியார் கதை, வட்டிக்காரன் கதை. மூன்று இடத்தில் மட்டும் யாரும் சொல்லாமலே பேச்சு நின்றுவிடும், கை கம்பியைத் தேடும். நாலாம் வளைவு, ஆறாம் வளைவு, அப்புறம் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் பெரிய பலாமரத்தடி. அது வளைவே இல்லை, நேர்ச் சாலைதான். ஆனால் ஒரு பக்கம் தார் ஓரம் அறுந்து தொங்குகிறது. எதிரே வண்டி வந்தால் டிரைவர் அந்தப் பக்கம்தான் ஒதுங்க வேண்டும். உங்கள் லிஸ்டில் வளைவுகள் மட்டும் இருந்தால் அந்த இடம் விட்டுப்போகும்.

இன்னும் ஒன்று சார். ஜீப் நிற்கும் இடங்களில் நாங்கள் இறங்குவது சாலையின் நடுவில். ஒதுங்கி நிற்க ஓரமே கிடையாது. வளைவு முடிந்த உடனே தோட்டத்து கேட், அங்கேதான் இறக்கிவிடுகிறார்கள். கேட்டைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னாலே போதும், அதற்குப் பணமும் வேண்டாம்.

பால்காரர்:

நான் பைக்கில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு ஏறுகிறவன். எட்டாம் வளைவில் மழைக்காலம் முடிந்த பிறகும் மேட்டிலிருந்து ஊற்றுத் தண்ணீர் சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது. தார் நிற்கவில்லை என்று இன்டர்லாக் கல் பதித்தார்கள். இப்போது கல் நிற்கிறது, அதன்மேல் பாசியும் நிற்கிறது. நான் இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை 38 லிட்டர் பால் போயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் இது எந்தக் கணக்கிலும் இல்லை.

ஓடையைத் தூர் வாரினால் தண்ணீர் சாலைக்கே வராது. ஓடைக்குள் இருப்பது முக்கால்வாசி பிளாஸ்டிக் கவரும் தோட்டத்துச் சருகும்தான்.

கட்டப்பனைக்காரர்:

இத்தனை பேச்சு எதற்கு? மேட்டுப் பக்கம் வெட்டி இரண்டு வண்டிச் சாலையாக்கினால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது.

ஓய்வு பெற்ற ஓவர்சியர், பொதுமராமத்து:

தம்பி, முப்பது வருஷம் நானும் அதே பாட்டைத்தான் பாடினேன். தேவிகுளம் கேப் ரோட்டில் அகலப்படுத்தும் வேலை நடந்தபோது 2019-லும் 2020-லும் மலை சரிந்து இறங்கியதை மறந்துவிட்டீர்களா? அது தேசிய நெடுஞ்சாலை, பணமும் இயந்திரமும் இருந்த இடம். நம் பஞ்சாயத்து மேட்டை வெட்டிவிட்டு, தாங்குசுவருக்குப் பணம் இல்லை என்று அடுத்த இடவப்பாதி மழையில் கையைப் பிசையும். அதோடு, அகலமானால் இப்போது 20-ல் வருகிறவன் 40-ல் வருவான்.

அதற்காக வளைவைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவுக்கு, சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஓர் அளவு வைத்திருக்கிறது. உள்வளைவின் ஆரம் குறைந்தது 14 மீட்டர். கிராமச் சாலையாக இருந்தாலும் வளைவின் உச்சியில் 6.5 மீட்டர் அகலம். வளைவுக்குள் சரிவு 40 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 60 மீட்டராவது இருக்க வேண்டும். நம் சாலை தோட்டத்து ஜீப் தடத்தின் மேலேயே தார் ஊற்றியது, இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. எல்லா வளைவையும் சரிசெய்ய நினைத்தால் ஒன்றும் நடக்காது. நாலாம் வளைவை மட்டும் எடுத்து, உள்பக்கத்தில் மூலையைச் சீவி, ஜீப் ஒரே ஒடிப்பில் திரும்பும்படி செய்தால் அந்த ரிவர்ஸ் ஒழியும். பெரிய செலவு இந்த ஒன்றுக்குத்தான் நியாயம்.

மற்ற இடங்களில் பார்வைதான் பிரச்சினை. போன மாதம் டீக்கடைத் தம்பியோடு ஆறாம் வளைவில் டேப் பிடித்தேன். ஓட்டுநரின் கண் உயரத்தில் குனிந்து பார்த்தால் 17 மீட்டர்தான் தெரிகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் வருகிற வண்டி நிற்கவே 20 மீட்டர் வேண்டும். அதில் ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கும் இரண்டரை விநாடிக்குள்ளேயே 14 மீட்டர் ஓடிவிடும். நம்முடையது ஒற்றை வண்டிச் சாலை, எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். ஆக 40 மீட்டர் தெரிய வேண்டிய இடத்தில் 17 தெரிகிறது. மறைப்பது என்ன? மலையென்று நினைத்தால் இல்லை, உண்ணிச்செடிப் புதரும் யாரோ கொட்டிவைத்த மண் குவியலும்! இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. ஆனால் மழைக்குப் பிறகு புதர் மறுபடி வளரும். வருஷம் இரண்டு தடவை வெட்டுவதற்கும் திட்டத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். எல்லாரும் மறப்பது அந்த வரியைத்தான்.

இரும்புத் தடுப்பு வேண்டும் என்று கேட்கப்போகிறீர்கள், தெரியும். தடுப்பின் தூணை ஊன்ற, தூணுக்குப் பின்னால் கெட்டியான மண் வேண்டும். நாலாம் வளைவில் ஒன்றரை அடிதான் மண் என்று ஜீப் தம்பி சொல்லிவிட்டார். இடித்தால் தடுப்பும் சேர்ந்தே கீழே போகும். முதலில் கல்சுவர், அப்புறம் தடுப்பு. தடுப்பின் முனையை மொட்டையாக விடக் கூடாது, மண்ணுக்குள் மடக்கி இறக்க வேண்டும். மொட்டை முனை வண்டிக்குள் ஈட்டி மாதிரி பாயும். பலாமரத்தடியில் தார்மேல் தார் போட்டுப் போட்டு சாலை உயர்ந்துவிட்டது, ஓரம் உயரவில்லை. அங்கே கிராவல் மண் கொட்டி இடித்து, தாரோடு சமமாக்கினால் போதும்.

மஞ்சுக்குக் கண்ணாடி உதவாது. சாலையோரக் கட்டைகளில் ஒளிர்பட்டை, தாரின் விளிம்பில் வெள்ளைக் கோடு. மஞ்சில் ஓட்டுநர் தூரத்தைப் பார்ப்பதில்லை, விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்.

சபரிமலை போய்வந்தவர், ஆண்டிபட்டி:

இதைச் சொல்ல எனக்கே வெட்கம்தான். மண்டல சீசனில் போலீஸ் வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாக மேலே விட்டு, திரும்பும்போது குமுளி வழியாக இறக்குவார்கள். இரவு பத்தரைக்கு மெட்டு ஏறினோம். போனில் இருந்த மேப் உங்கள் சாலையைக் குறுக்கு வழி என்று காட்டியது. டெம்போ டிராவலரோடு உள்ளே விட்டுவிட்டோம். முன்னால் ஒரு கார் போனது, அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனோம். ஆறேழு வளைவு தாண்டி அந்தக் கார் நின்றது, நாங்களும் பின்னால் நின்றோம். அது ஒரு வீட்டு முற்றம். அவர்கள் ஊர்க்காரர்கள், வீட்டுக்கு வந்துவிட்டார்கள்!

சிரிப்பாகத்தான் இருந்தது, திரும்பி ஏறும்வரை. நாலாம் வளைவில் வண்டி பாதி திரும்பி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிக் கட்டை வைத்து, கிளீனர் பையன் டார்ச் காட்டி, முக்கால் மணி நேரம். 2022 டிசம்பரில் எங்கள் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் வந்த கார் குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். அன்றிரவு வண்டியில் இருந்த எல்லோருக்கும் அதே நினைப்புதான், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பலகை வையுங்கள். நாலாம் வளைவில் வைத்துப் பயனில்லை, அதற்குள் மாட்டியிருப்போம். மெயின் ரோட்டில், திரும்புகிற இடத்துக்கு முன்னாலேயே "பெரிய வண்டிகள் போகாது" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள்.

பேரணாம்பட்டு லாரிக்காரர்:

நாங்கள் ஆந்திரா பக்கம் வி.கோட்டா மலைப்பாதையில் காய்கறி லோடு ஓட்டுகிறவர்கள். ஒரு வார்த்தை மட்டும். இறக்கத்தில் வளைவுக்கு ஒட்டி வேகத்தடை போடச் சொல்லி யாராவது கேட்பார்கள். போட்டால் வளைவுக்கு நன்றாக முன்னால் போட்டு, வெள்ளை பெயின்ட் அடித்து, பலகையும் வையுங்கள். எங்கள் பக்கம் ராத்திரியில் பெயின்ட் இல்லாத தடையில் ஒரு பைக் எகிறி என் பம்பருக்கு முன்னால் விழுந்தது. ஏற்றத்தில் இருந்ததால் வண்டி சட்டென்று நின்றது. இறக்கமாக இருந்திருந்தால் எழுத நான் இங்கே இருக்க மாட்டேன்.

ஜீப் ஓட்டுநர், கம்பம்:

ஏற்றம் என்றதும் ஞாபகம் வந்தது. அகலம் பத்தாத மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் நின்று, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. டூரிஸ்ட் கார்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. லைட்டை அடித்துக்கொண்டே இறங்கி வருவார்கள். அதையும் பலகையில் எழுதலாமா?

டீக்கடைக்காரர், ஆறாம் வளைவு:

எழுதலாம் தம்பி. இதுவரை வந்ததை நோட்டில் ஏற்றிவிட்டேன், 31 இப்போது 38. ஓவர்சியர் சார் சொன்ன புதர் வெட்டும் வேலைக்கு பஞ்சாயத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மஞ்சு இருக்கும்போதே, ஆறாம் வளைவில் கூடுவோம். அரிவாள் கொண்டுவாருங்கள், டீ என் கணக்கு. குழுவில் இருக்கும் அதிகாரிகளையும் அந்த நேரத்துக்கே கூப்பிட்டிருக்கிறேன். ஒருவர் வருவதாகச் சொன்னார். அவரை ஜீப்பின் பின்னால் உட்காரவைத்து நாலாம் வளைவு வரை கூட்டிப்போவதாகத் திட்டம்.

ஏலத்தோட்டத் தொழிலாளி, உத்தமபாளையம் பக்கம்:

இன்றைக்கு நடந்தது. பலாமரத்தடி, சாயங்காலம் 5.40, தூறல், எங்கள் ஜீப் ஏற்றம், எதிரே வெளியூர் கார். ஓரத்துக்கு ஒதுங்கினதில் ஒரு சக்கரம் தாரை விட்டு இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளி ஏற்றினோம். 39 என்று போட்டுக்கொள்ளுங்கள்.