ரொறன்ரோவில் சைக்கிளில் இடப்பக்கம் திரும்புவது: திருப்ப லேனா, இரண்டு கட்டமா?

ரூட்504:
இஞ்ச வலப்பக்கம் ஓடுறபடியால், இடப்பக்கம் திரும்பேக்கதான் எதிர்வாகனங்களைக் குறுக்கறுக்கவேணும். அதைக் கார் மாதிரியே செய்யுங்கோ. சந்திக்கு 60 மீற்றருக்கு முன்னமே இடத்தோளுக்கு மேலால திரும்பிப் பாருங்கோ. இடக்கையை நீட்டுங்கோ. இன்னொருக்காப் பாத்திட்டு ஒரு லேன் மட்டும் மாறுங்கோ; அடுத்த லேனுக்கும் அதே ஒழுங்கு. திருப்ப லேனில நடுவில நில்லுங்கோ. ஓரமா நிண்டால் பின்னால வாற கார் பக்கத்தில நுழைஞ்சு உங்களோட சேந்து திரும்பும். பச்சை அம்புக்குறி விழுந்தால் ஒரே சிக்னலில போயிடலாம்.

செயின்மணி:
அண்ணா, கணக்கைப் பாருங்க. 18 கிமீ வேகம்னா நொடிக்கு 5 மீட்டர். 60 மீட்டருக்கு 12 நொடி. 50 கிமீயில வர்ற கார் அதே 12 நொடியில உங்களைவிட நூறு மீட்டருக்கு மேல அதிகமா ஓடிடும். நீங்க திரும்பிப் பார்க்கும்போது தூரத்துல சின்னதா தெரியுற கார், சிக்னலுக்கு முன்னாடியே உங்க பக்கத்துல இருக்கும். எக்ளின்டன் கிழக்கு, மார்க்கம் ரோடு மாதிரி அகல ரோட்டுல இது வேண்டவே வேண்டாம். இரண்டு கட்டமா திரும்புங்க: சந்தியை நேரா தாண்டி, எதிர்ப்புறம் வலது மூலையில நிறுத்தி, வண்டியை இடது பக்கம் பார்க்கத் திருப்பி, குறுக்குத் தெருவோட பச்சைக்கு நில்லுங்க. டென்மார்க்ல இப்படித்தான் திரும்பணும்னு சட்டமே இருக்கு.

ரூட்504:
ஒன்ராறியோவில தடைப்பலகை இல்லாட்டி கார் சிவப்பிலயும் வலப்பக்கம் திரும்பலாம், தம்பி. நீங்கள் சொல்லுற மூலையில நிண்டால், பின்னால நிக்கிற சாரதி இடப்பக்கத்தால வாற வாகனத்தைப் பாத்துக்கொண்டு வலப்பக்கம் உருட்டுவார். நீங்கள் அவற்ர கண்ணில படமாட்டியள். சைக்கிள் நிக்கிறதுக்கு நிலத்தில பெட்டி கீறாத சந்தியில எங்க நிக்கிறது?

செயின்மணி:
கர்ப் ஓரமா ஒதுங்காதீங்க. குறுக்குத் தெருவுல நிக்கிற முதல் காருக்கு நேர் முன்னால, நடைகடவையை மறிக்காம நில்லுங்க. நேரா வர்ற வண்டிகளோட பாதையில நீட்டாம நிற்க இடம் இருக்கணும். இல்லைன்னா இறங்கி, நடைகடவையில உருட்டிட்டுப் போங்க. அதுல ஓட்டிட்டுப் போறது சட்டப்படி தப்பு.

தடம்பார்:
ரெண்டு பேரும் தண்டவாளத்தை மறந்திட்டியள். குயின், டண்டாஸ் தெருக்களில ஸ்ட்ரீட்கார், அதுதான் றோட்டில பதிச்ச தண்டவாளத்தில போற ட்ராம், ஓடுறது உள்லேனில. இடப்பக்கம் லேன் மாறினால் தண்டவாளத்தைச் சரிவாத்தான் கடப்பியள். 28 மில்லிமீற்றர் ரயர் அந்தப் பள்ளத்துக்குள்ள அப்பிடியே இறங்கும். முன்சில்லு பிடிபட்டால் ஹாண்டிலைத் திருப்பேலாது. பிறேக்கில கை போக முன்னமே விழுந்திடுவியள். மழை எண்டால் இரும்பு வழுக்கும். செங்குத்தாக் கடக்கவேணும், மிதிக்கவும் கூடாது, பிறேக் பிடிக்கவும் கூடாது. பின்னால கார் வரேக்க அந்தக் கோணத்துக்கு வளைக்க இடமில்லை. ரெண்டு கட்டமாப் போனால் தண்டவாளம் தானாச் செங்குத்தா வரும். ஆனால் ஸ்பாடைனா-கிங் மாதிரித் தண்டவாளமே வளையிற சந்தியில இறங்கி நடவுங்கோ.

ரூட்504:
தண்டவாள றோட்டில ஒத்துக்கொள்ளுறன். சின்னத் தெருவில ஒத்துக்கொள்ளமாட்டன். அங்க சில சிக்னலுகள் நிலத்துக்குக் கீழ இருக்கிற கம்பி வாகனத்தை உணர்ந்தால்தான் மாறும். சைக்கிள் நிக்கவேண்டிய இடத்தில மூண்டு வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும், அது லேனுக்குள்ள. மூலையில நிண்டால் சிக்னலுக்கு உங்களைத் தெரியாது.

செயின்மணி:
அதுக்கு நடைபாதைக் கம்பத்துல இருக்குற பட்டனை அழுத்தணும். வண்டியை விட்டு இறங்காம எட்டாதுங்கறது உண்மைதான். ஒரே லேன், பின்னால நூறு மீட்டருக்குக் கார் இல்லைன்னா நீங்க சொல்ற மாதிரியே திரும்பலாம். ரெண்டாவது லேன் வந்துட்டா என் பதில் மாறாது.