நாள்பட்ட வலிக்கான குழு உளவியல் சிகிச்சை: கலந்துகொண்டவர்கள் சொல்லும் அனுபவங்கள்

கடைக்காரர், கிழக்கு இலண்டன்

கடைக்குச் சரக்குப் பெட்டிகளைத் தூக்கிச் சுமந்த காலத்தில் தொடங்கிய கீழ்முதுகு வலி எனக்கு. ஊசி, மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, குடும்ப வைத்தியர் என்னை வலி மேலாண்மைக் குழு ஒன்றுக்கு அனுப்பினார். அழைப்புக் கடிதத்தில் உளவியலாளர் ஒருவரும் இருப்பார் என்று எழுதியிருந்ததைக் கண்டு, என் வலியை மனப்பிரமை என்று மறைமுகமாகச் சொல்கிறார்கள் என்றே வீட்டில் பேசிக்கொண்டோம். இத்தகைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குபவர்களுக்காக, உள்ளே நடப்பதை எழுதுகிறேன்.

முதல் அமர்விலேயே உளவியலாளர் இரண்டு விடயங்களைத் தெளிவாகச் சொன்னார். எங்கள் வலி உண்மையானது என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் குழு அந்த வலியை நீக்கித் தரப்போவதுமில்லை. இரண்டாவதைக் கேட்டதும் ஒருவர் எழுந்து போய்விட்டார். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியில், காயம் ஆறிய பின்னரும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை அனுப்புவதை நிறுத்தாமல் இருக்கக்கூடும் என்பதையும், அச்சமும் தூக்கமின்மையும் அந்த எச்சரிக்கையைப் பெருக்கும் என்பதையும் பிசியோதெரபிஸ்ட் பலகையில் படம் வரைந்து விளக்கினார்.

எனக்கு அதிகம் பயன்பட்டது, வேலையை அளந்து பங்கிடும் பாடம். வலி குறைந்த நாளில் தேங்கிக் கிடந்த வேலை அத்தனையையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த நாட்களைப் படுக்கையில் கழிப்பது என் வழக்கம். அதை உழைப்பாளியின் குணம் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, எதிரே இருந்த ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி சிரித்துவிட்டார். இதே குணத்தால் தம் மனைவி தம்மோடு பேசுவதையே நிறுத்தியிருந்த கதையை அவர் சொல்லத் தொடங்கினார். உளவியலாளர் சொன்னபோது அறிவுரையாகத் தோன்றியது, அதே வலியோடு இருக்கும் ஒருவர் தம்மையே கேலி செய்துகொண்டு சொன்னபோது உறைத்தது. அதன் பிறகு நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று குறித்துப் பார்த்து, அந்தச் சராசரியைவிடச் சற்றுக் குறைவான நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டு போனேன். வலி நிறுத்தச் சொல்லும்வரை காத்திராமல், கைபேசி மணி அடித்ததும் நிறுத்த வேண்டும். மேலும் செய்ய முடியும் என்று தோன்றும் நாளில்தான் அது மிகவும் கடினம். பத்துக்கு எத்தனை என்று கேட்டால், என் வலியின் எண் பெரிதாக இறங்கவில்லை. ஆனால் கடையைத் திரும்பவும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஆசிரியை, கோயம்புத்தூர்

‘உங்கள் வலி உண்மையானது’ என்று கடைக்காரர் அண்ணா கேட்ட அதே முதல் வாக்கியத்தை நானும் கேட்டேன், வேறொரு வகைக் குழுவில். எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, உடல் முழுவதும் வலி, எந்தப் பரிசோதனையிலும் எதுவும் தெரியாது. நான் இணையவழியில் சேர்ந்தது, ஜான் கபாட்-சின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மனமுழுமைப் பயிற்சியின் (mindfulness, அந்தந்தக் கணத்தில் நிகழ்வதை அப்படியே கவனிக்கப் பழகுவது) வழிவந்த எட்டு வார வகுப்பு. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம் கூடுவோம். இடையில் ஒரு முழுநாள் மௌனப் பயிற்சியும் உண்டு.

நம் ஊரில் யோகா வகுப்பில் சவாசனம் செய்தவர்களுக்கு, உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுசெல்லும் பயிற்சி புதிதாகத் தோன்றாது. ஆனால் இங்கே தளர்வு நோக்கமல்ல. வலிக்கும் இடத்தைத் தாண்டி ஓடாமல், அங்கே எரிச்சலா, இறுக்கமா, அது நகர்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால், தோள்வலி ஒன்றாகவும் ‘இனி என் வாழ்க்கை அவ்வளவுதான்’ என்ற எண்ணம் வேறொன்றாகவும் பிரிந்து தெரியத் தொடங்கும். எனக்கு இது தனியாகச் செய்தபோது கைகூடவில்லை. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் தாம் கவனித்ததைச் சொல்லும் நேரத்தில், மற்றொரு பெண் தமது இடுப்புவலியைப் பற்றி அதே எண்ணத்தை ஏறக்குறைய அதே சொற்களில் சொன்னார். அது என்னுடைய வலியின் பகுதியன்று, வலி உள்ள யாருக்கும் எழக்கூடிய எண்ணம் என்று அப்போதுதான் புரிந்தது. (வீட்டுப்பயிற்சி தினமும் முக்கால் மணி நேரம். கண்ணை மூடிப் படுத்திருந்த என்னைப் பார்த்து, பகலில் மருமகள் தூங்குகிறாள் என்று மாமியார் முடிவுகட்டியது தனிக்கதை.)

இதற்கும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் (CBT) எது மேல் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 342 பேரை வைத்துச் சியாட்டிலில் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. இரண்டுமே குழுவாக நடத்தப்பட்டன. 26 வாரங்களுக்குப் பிறகு, அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் மனமுழுமைக் குழுவில் 61 விழுக்காடு, நடத்தைச் சிகிச்சைக் குழுவில் 58 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 44 விழுக்காடு. அருகில் எது கிடைக்கிறதோ அதில் சேரலாம் என்பதே என் கருத்து.

மருத்துவ உளவியலாளர், பர்மிங்காம்

அந்த 44 விழுக்காட்டையும் கவனியுங்கள். குழுவில் சேராமலே பலர் தேறியிருக்கிறார்கள். குழுக்களை நடத்துபவள் என்ற முறையில் நான் இதை மறைக்க விரும்பவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2020-இல் வெளிவந்தது. அது 75 ஆய்வுகளையும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்து, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் வலி, முடக்கம், மனத்துயர் ஆகியவற்றில் கிடைக்கும் நன்மை சிறியது என்றே முடிவு கண்டது. சராசரி சிறியது என்பதால் ஒவ்வொருவருக்கும் சிறியது என்று பொருளாகாது என்றாலும், பெரிய வாக்குறுதி தரும் குழுவிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எந்தச் சிகிச்சையை வழங்கலாம் என்று இங்கிலாந்தின் மருத்துவச் சேவைக்குப் பரிந்துரைக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் வெளியிட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதல், உளவியல் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே வழங்கச் சொல்கிறது. இரண்டும் இணைந்த திட்டத்தைக் குழுவாக நடத்துவது விரும்பத்தக்கது என்றும் சொல்கிறது. குழு, செலவைக் குறைக்கும் வழி மட்டுமன்று. குனிந்தால் முதுகு உடைந்துவிடும் என்று அஞ்சுபவருக்கு, அதே அச்சம் உள்ள மற்றொருவர் குனிந்து எழுவதைக் காண்பது நான் தரும் எந்த விளக்கத்தைக் காட்டிலும் வலிமையான சான்று. இதற்குப் படிப்பும் தடையன்று. அமெரிக்காவின் அலபாமாவில் வருமானமும் எழுத்தறிவும் குறைந்தவர்களுக்காக எளிமைப்படுத்திய குழுக்களைப் பற்றிய ஆய்வு 2018-இல் வெளியானது. எளிய நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வலி பற்றிய கல்வி மட்டும் பெற்றவர்களுக்கும், சிகிச்சை முடிந்தபோது வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட வலி குறைந்திருந்தது.

உறுப்பினர், டொராண்டோ

எனக்குக் குழு பொருந்தவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். என் காலில் இருப்பது வன்னியில் பட்ட எறிகணைச் சிதறலின் வலி. கண்ணை மூடி, காலில் கவனத்தை வைக்கச் சொன்ன முதல் பயிற்சியிலேயே நான் அந்த நாளுக்குத் திரும்பிப் போய்விட்டேன். மூச்சு அடைத்து, உடல் நடுங்கியது. சுற்றியிருந்தவர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் விபத்தையும் மூட்டுத் தேய்வையும் பேசும் இடத்தில் என் கதையை இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் விலகியபோது குழுவை நடத்தியவர் என்னைத் தடுக்கவில்லை. மனவடுவுக்கான தனிச் சிகிச்சைக்கு அனுப்பினார். போர், சித்திரவதை, சிறை ஆகியவற்றின் வழியாக வந்த வலி உடையவர்கள், சேருவதற்கு முந்தைய நேர்காணலிலேயே, விவரம் சொல்லாவிட்டாலும், அப்படி ஒன்று உண்டு என்று மட்டுமாவது சொல்லிவிடுங்கள். கண்ணைத் திறந்துகொண்டு செய்யலாம், கதவருகே இருக்கலாம் என்பதெல்லாம் எனக்குப் பிறகே தெரியவந்தது.

இல்லத்தரசி, லெஸ்டர்

வலி என் கணவருக்கு. குடும்பத்தினரை அழைத்த ஓர் அமர்வுக்கு நானும் போனேன். அவர் முகம் சுளிக்கும் முன்பே தண்ணீர், மாத்திரை, தலையணை என்று ஓடியவள் நான். 1970-களில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், சுற்றியிருப்பவர்களின் இத்தகைய கவனிப்பே நோயாளியின் அசைவைக் குறைத்துவிடக்கூடும் என்று எடுத்துக்காட்டியதை அங்கே சொன்னார்கள். எனக்கு அது பழி சுமத்துவது போலவே பட்டது, இன்றும் முழுமையாக ஏற்கவில்லை. எனினும் இப்போது அவர் கேட்ட பிறகே எழுகிறேன். தமது தேநீரை அவரே போட்டுக்கொள்கிறார்.

கடைக்காரர், கிழக்கு இலண்டன்

தனிச்செய்தியில் பலர் கேட்டவற்றுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முதல் நேர்காணலிலேயே கேளுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம், அவர்கள் முன்னிலையில் பேச முடியாதவை நிறைய உண்டு. அமர்வு முழுவதும் நாற்காலியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, எங்கள் குழுவில் நின்றவர்களும் தரையில் படுத்துக் கேட்டவர்களும் இருந்தார்கள். மாத்திரைகளைக் குறைக்கும் எண்ணம் இருந்தால், வகுப்பில் சேர்ந்துவிட்டோம் என்று திடீரென நிறுத்தாமல், எழுதித் தந்த வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். டொராண்டோத் தம்பி சொன்னதை எங்கள் குழுவை நடத்துபவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப விரும்புகிறேன். அவர் சம்மதம் தெரிவித்தால் போதும்.