30 சதவீதம், எதைவிட?

முனிர்கா மணி:
ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை மறுத்து, உச்ச நீதிமன்றம் 2013-இல் தவறாகத் தீர்ப்பளித்தது என்று நேற்று எழுதினேன். அதற்கு ஏன் இத்தனை கொதிப்பு? பீட்டா படிக வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது. இது முன்னேற்றம் இல்லையா? பாடுபட்டு மருந்தைத் திருத்தியவனுக்குக் காப்புரிமை இல்லையென்றால் இங்கே யார் ஆராய்ச்சி செய்வார்கள்?

மயூர் விஹார் மாலதி:
எதைவிட 30 சதவீதம்? நோவார்ட்டிஸ் ஒப்பிட்டது கிளிவெக்கின் மூல மருந்தான, உப்பாக மாற்றாத இமாட்டினிப்போடு. ஆனால் முன்பே அறியப்பட்ட பொருள் இமாட்டினிப் மெசிலேட் என்ற அதன் உப்பு. அதைவிடப் பீட்டா வடிவம் நோயை நன்றாகத் தீர்க்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை. பழைய பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை தர, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்பது அந்த ஆதாரத்தைத்தான். தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஆர்.கே.புரம் வாசகி:
நோய் தீர்க்கும் திறன் என்பதை எப்படி அளப்பது? அதை முதலில் பேசலாமே.

கரோல் பாக் கணேசன்:
தீர்ப்பு வந்த காலத்தில் கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். உள்நாட்டுத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள். அண்ணிக்காக பகீரத் பேலஸ் மருந்துச் சந்தையில் வாங்கிய மாத்திரை அட்டை என் கையில் இருக்கிறது. 'இமாட்டினிப் மெசிலேட்' என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். பீட்டா எங்கே?

முனிர்கா மணி:
அட்டையில் படிக வடிவத்தையா அச்சிடுவார்கள்? கணேசன் சார், மருந்துக் கடையும் நீதிமன்றமும் ஒன்றல்ல. அந்த நிறுவனம் பல நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. 30 சதவீதம் 30 சதவீதம்தான்.

மயூர் விஹார் மாலதி:
அவர்கள் மனம் வைத்தால் மருந்து, இல்லையென்றால் இல்லையா? நோயாளி கையேந்தி நிற்க வேண்டுமா? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். எதைவிட?

முனிர்கா மணி:
பொங்கல் விழாப் பட்டிமன்றத்திலும் இப்படித்தான், ஒலிவாங்கியை விடவே மாட்டீர்கள். 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்கில் சிப்லா நிறுவனத்தை ரோஷ் நிறுவனம் வென்றதே, அது மட்டும் கண்ணில் படாதா?

மயூர் விஹார் மாலதி:
நன்றாகவே படுகிறது. ரோஷ் வென்றது எர்லோட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தின் மூலக்கூறுக்கான காப்புரிமையை வைத்து. அதே மருந்தின் 'பி' படிக வடிவத்துக்குத் தனியாகக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். மூலக்கூறைக் கண்டுபிடித்தவனுக்கு 20 ஆண்டு கொடுங்கள், நான் தடுக்கவில்லை. காலம் முடியும் வேளையில் உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி இன்னொரு 20 கேட்டால் எதிர்க்கத்தான் செய்வேன். காப்புரிமை வைத்திருப்பவர் வழக்கு போட்டால், அந்தக் காப்புரிமையே செல்லாது என்று அதே வழக்கில் எதிர்வாதம் வைக்க 107-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த வழியையும் அடைக்கச் சொல்கிறீர்களா?

கரோல் பாக் கணேசன்:
எல்லாவற்றுக்கும் டெல்லிதானா? கிளிவெக் விண்ணப்பத்தை 2006-லேயே தள்ளியது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். அதை ஒருவரும் சொல்லவில்லை.

முனிர்கா மணி:
சென்னைப் பெருமையை இங்கே யார் கேட்டது?

கரோல் பாக் கணேசன்:
நான் பேசினால் மட்டும் உங்களுக்கு எரிகிறது. போன மாதமும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள்.

மயூர் விஹார் மாலதி:
கணேசன் சார், அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மணி, பட்டிமன்றத்தில் எனக்குக் கொடுத்த நேரத்தில்தான் பேசினேன், நடுவரைக் கேளுங்கள். 30 சதவீதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

முனிர்கா மணி:
நடுவர் உங்கள் தெருக்காரர்.